அதிதூதருக்கு அவித்த கோதுமை

கடைசியில் பிளகோயே கையெழுத்துப் போட்டுவிட்டார். தன் டயர் கடையின் பின்னறையில் ஒளிந்துகொண்டு பன்றிக்கொழுப்பு வறுவலை ஒரு தட்டு தின்றுவிட்டு, ஆம்புலன்ஸில் போய்ப் படுத்த மனுஷர், மறுநாள் காலையில் டாக்டர் நீட்டிய தாளில் சத்தமில்லாமல் பெயரை எழுதிக் கொடுத்தார். பித்தப்பையை எடுத்துவிடச் சம்மதம். நவம்பர் இருபத்து நான்கு, திங்கட்கிழமை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்: "எங்க வீட்டு ஸ்லாவா முடியட்டும். அதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடாதீங்க."

அது நடந்து ஆறு வாரம் ஓடிவிட்டது. இன்று வெள்ளி, நவம்பர் இருபத்தொன்று. குடும்பத்தின் புனிதரைக் கொண்டாடுகிற ஸ்லாவா வந்தேவிட்டது.

மிக்கேல் அதிதூதர்தான் பிளகோயே வீட்டுக்குக் காவல் புனிதர். தாத்தனுக்குத் தாத்தன் காலத்திலிருந்து இதே நாளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். யாரையும் அழைக்கிற வழக்கம் கிடையாது. போன வருஷம் வந்தவர்கள் இந்த வருஷமும் வருவார்கள், கூட இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டும் வருவார்கள். வீட்டுக்காரர் காலையிலிருந்து உட்காராமல் நின்று பரிமாற வேண்டும்.

மனைவி விதோசவாவுக்கு ஒரே கணக்குதான். வெள்ளி, சனி, ஞாயிறு. இந்த மூன்று நாளில் புருஷனுக்கு வலி வரக்கூடாது. அதைவிட முக்கியம், மனசு மாறக்கூடாது. ஏற்கெனவே இரண்டு தடவை நழுவியவர் அவர். முதல் தடவை, பிளம் பழம் காய்ச்சுகிற சமயம் என்றார். இரண்டாம் தடவை, குறித்த நாள் செவ்வாய்க்கிழமையாம், செவ்வாயில் எவனாவது நல்ல காரியம் தொடங்குவானா என்றார். பித்தப்பையில் இருக்கிற கல் இன்னொரு தடவை நகர்ந்தால் கணையத்தில் போய்க் கைவைக்கும், அப்புறம் இது சின்ன ஆபரேஷன் இல்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்ன பிறகுதான் இந்தத் திங்கட்கிழமைக்கு இறங்கி வந்தார்.

காலை ஏழு மணிக்கே சமையலறை கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை நோன்பு, ஆகையால் இந்த வருஷப் பந்தியில் இறைச்சி இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை. கெண்டை மீன் பொரிகிறது. மண்சட்டியில் வெள்ளை பீன்ஸ் எண்ணெயில் மிதக்கிறது. புளித்த முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் வால்நட்டும் சுருட்டி, பெரிய அண்டாவில் அடுக்கியாகிவிட்டது.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பிளகோயே வந்து நின்றார். மூக்கைத் தூக்கி ஒரு தடவை மோந்தார்.

"எனக்கு என்ன?"

"என்ன கேள்வி இது? ஓட்ஸ்" என்றாள் விதோசவா.

"பண்டிகை அன்னைக்குமா? ஆறு வாரமா எனக்கும் குதிரைக்கும் ஒரே சாப்பாடு."

"குதிரையாட்டம்தானே இருக்க இப்போ. ஒரு நாள் வலி வந்துச்சா?"

வரவில்லை. அதை அவரால் மறுக்க முடியாது. அந்தப் புண்ணியம் மருமகள் யகோதாவுக்குச் சேர வேண்டும். மே மாதம்தான் மகன் ஓக்னென் அவளைக் கட்டிக்கொண்டு வந்தான். மாவட்ட ஆஸ்பத்திரியில் எந்த நோயாளிக்கு என்ன சாப்பாடு என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"மாமா, நார்ச்சத்து கல்லைக் கரைக்கும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. கரைக்காது. ஆனா கொழுப்பைக் குறைச்சு, நார்ச்சத்தைக் கூட்டினா வயிறு ஒழுங்கா நடக்கும், பித்தப்பைக்கும் ரொம்பத் தொந்தரவு குடுக்காது. ஆபரேஷன் வரைக்கும் நிம்மதியா இருக்கலாம். ஒண்ணே ஒண்ணு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும். தண்ணி நிறையக் குடிக்கணும்."

முதல் வாரம் இரண்டு ஸ்பூன் ஓட்ஸ். அப்புறம் தோலோடு ஆப்பிள். அதற்கப்புறம் பார்லி. பிளகோயேவுக்கா பொறுமை? கொஞ்சம் நல்லதென்றால் நிறைய இன்னும் நல்லதுதானே என்று மூன்றாம் நாளே ஒரு சட்டி பீன்ஸைக் காலி செய்துவிட்டார். சாயங்காலம் வயிறு லாரி டியூப் மாதிரி உப்பிவிட்டது. கல் நகர்ந்துவிட்டது, பாதிரியாரைக் கூப்பிடுங்கள் என்று தரையில் புரண்டார். ஓக்னென் காரை எடுக்க ஓடினான். கார் கிளம்புவதற்குள் ஒரு சத்தம் கேட்டது. அதை இங்கே எழுத முடியாது. டயர் கடைக்காரர் வீட்டில் டயர் வெடிப்பது சகஜம்தான் என்று பக்கத்து வீட்டார் பெருந்தன்மையோடு இருந்துவிட்டார்கள்.

அன்றோடு மனுஷர் வழிக்கு வந்தார். இப்போதெல்லாம் காலையில் கடிகாரம் மாதிரி எழுந்து போகிறார், பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பி வருகிறார்.

இன்றைக்குத்தான் சிக்கல். மத்தியானம் முழுக்க விருந்தாளிகளுக்கு நடுவே எண்ணெய் சொட்டுகிற தட்டுகளோடு நிற்கப் போகிறவர், ஓட்ஸை நம்பி எத்தனை நேரம் தாங்குவார்? விதோசவா அதற்கும் வழி செய்து வைத்திருந்தாள். நேற்றுச் சாயங்காலம் முழுக் கோதுமையைக் குழையாமல் அவித்து வடித்து, தேனும் கொஞ்சமாய் வால்நட் பொடியும் கலந்து, கண்ணாடிக் கிண்ணத்தில் மூடி உக்கிராண அறையில் வைத்திருந்தாள். மென்று தின்றால் வயிறு நிறையும், நோன்பும் கெடாது.

ஆனால் அதை யார் கண்ணிலும் காட்டவில்லை. காட்டக்கூடாது. விதோசவா பிறந்த வீட்டில் நிக்கோலா புனிதர். அங்கே கோதுமை இல்லாமல் ஸ்லாவா கிடையாது, வாசலில் நுழைகிற ஒவ்வொருவரும் ஒரு ஸ்பூன் கோதுமையை வாயில் போட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். புருஷன் வீட்டில் அந்தப் பேச்சே ஆகாது. அவித்த கோதுமை செத்தவர்களை நினைத்து வைப்பது, மிக்கேல் செத்தவரா? சிறகோடு உயிரோடு இருக்கிறவருக்குப் போய்ச் சாவு வீட்டுப் பண்டம் வைப்பதாவது! அந்த வீட்டில் கால் வைத்த முதல் வருஷமே நாத்தனார் ஸ்தானா இதைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். முப்பத்தாறு வருஷமாக விதோசவா அந்த எல்லையைத் தாண்டியதில்லை.

"யகோதா, நான் போய் நல்ல உடுப்பு மாத்திட்டு வரேன். நீ ஹால்ல மேஜையைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு விதோசவா மாடிக்குப் போனாள்.

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் எல்லாம் நடந்தது.

கரண்டி எடுக்க உக்கிராண அறைக்குப் போன யகோதா கிண்ணத்தைப் பார்த்தாள். பாவம், அவளுக்கு இந்த வீட்டில் இதுதான் முதல் ஸ்லாவா. அவள் பிறந்த வீட்டில் கோதுமைக்குத்தான் முதல் மரியாதை. அத்தை இவ்வளவு அழகாய் அவித்து வைத்துவிட்டு, அவசரத்தில் எடுத்து வைக்க மறந்துவிட்டார்களே என்று அவளுக்கு மனசு துடித்துப் போயிற்று. கிண்ணத்தை எடுத்தாள். மேலே சமமாகத் தட்டி, சர்க்கரைப் பொடியைத் தூவி, பாதி வால்நட்டுகளை அடுக்கிச் சிலுவை போட்டாள். ஹால் மேஜையில் பண்டிகை ரொட்டிக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தாள். இரண்டடி தள்ளி நின்று அழகு பார்த்தாள்.

வாசல் மணி அடித்தது. எப்போதும் போல முதல் ஆளாக ஸ்தானா வந்துவிட்டாள். அறுபத்தேழு வயசு. அம்மா போனபோது பிளகோயேவுக்கு ஒன்பது வயசு, அன்றையிலிருந்து தம்பியை வளர்த்தது அவள்தான். அந்த உரிமையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக ஹாலுக்குள் நுழைந்தாள்.

"யாருடா செத்தது?"

அந்தக் குரல் மாடி வரை கேட்டது. விதோசவா முதுகுப் பக்கத்து ஜிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தாள்.

ஹாலில் ஸ்தானா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள். யகோதாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. பிளகோயே மேஜைக்கு எதிரில் நின்று அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோதுமை, அதன் மேல் சிலுவை, பக்கத்தில் எரியக் காத்திருக்கும் மெழுகுவர்த்தி.

"திங்கக்கிழமைக்கு இப்பவே தயார் பண்ணிட்டீங்களா?" என்றார் மெல்ல.

"மாமா, ஐயோ, அப்படி இல்ல..." யகோதாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அத்தை, நீங்க எடுத்து வைக்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். எங்க வீட்டுல கோதுமை இல்லாட்டி பாதிரியார் உள்ளேயே வரமாட்டார்."

"உங்க வீடு வேற, இந்த வீடு வேற!" என்று ஸ்தானா வெடித்தாள். "உயிரை வாங்கிட்டுப் போக வர்றவர் யாரு? இதே மிக்கேல்தானே? அவர் நாள்ல, அவர் படத்துக்கு நேரா, கத்திக்குப் போகப் போற ஆம்பளைக்குக் காரியக் கோதுமையை வச்சிருக்கீங்களே! எடுத்துக் கோழிக்குப் போடு."

"கிண்ணத்துல கை வைக்காதீங்க அண்ணி" என்றாள் விதோசவா.

"அக்கா சொல்றது சரிதான்" என்றார் பிளகோயே. நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. "இது சகுனம். விதா, ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடு. நான் வரல."

விதோசவா கிண்ணத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆறு வாரம்! ஸ்பூன் ஸ்பூனாக அளந்து, தண்ணீர் டம்ளரை எண்ணி, கடைப் பின்னறைச் சாவியைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டு திரிந்தது எல்லாம், ஒரு கிண்ணத்தால் ஒரு நிமிஷத்தில் போச்சு.

மறுபடி மணி அடித்தது. பாதிரியார். கறுப்பு அங்கி, நெஞ்சு வரை தாடி, கையில் சாம்பிராணிக் கலசம். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நுழைந்தவர், மேஜையைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டார்.

"அட! இந்த வீட்டுல கோதுமையா? பதினெட்டு வருஷமா வரேன், இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

"கேளுங்க சாமி" என்று ஸ்தானா முன்னால் வந்தாள். "உயிரோட இருக்கற புனிதருக்குக் கோதுமை வைக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

"வைக்கலாம்மா. கோதுமை புனிதருக்காக வைக்கறது இல்ல. கடவுளுக்கு நன்றியா வைக்கறோம், இந்த வீட்டுல வாழ்ந்து போனவங்களை நெனச்சு வைக்கறோம். கோயில்ல தொண்டை வத்தச் சொல்லியாச்சு. ஊர்ல பாதிப் பேர் கேக்கறாங்க, பாதிப் பேர் கேக்க மாட்டேங்கறாங்க. நானும் சண்டை போட்டு ஓய்ஞ்சுட்டேன்." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு இன்னும் பதினாலு வீடு இருக்கு. வைக்கறதா, எடுக்கறதா? வீட்டுக்காரர் சொல்லட்டும்."

எல்லோரும் பிளகோயேவைப் பார்த்தார்கள்.

"எடுத்துடுங்க" என்றார்.

"எடுக்கக் கூடாது!"

விதோசவா மேஜைக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். ஜிப் இன்னும் பாதியில் திறந்துதான் கிடந்தது. கிடக்கட்டும்.

"இந்தக் கோதுமையை அவிச்சது நான். மருமவளைக் குத்தம் சொல்லாதீங்க, அவ சின்னப் பொண்ணு, நல்லது நெனச்சு வச்சிருக்கா. நான் இதை மிக்கேலுக்கும் அவிக்கல, எந்தப் பொணத்துக்கும் அவிக்கல. பிளகோயே, உனக்கு அவிச்சேன். உன் வயித்துக்கு! நீ நாள் முழுக்க மீனைப் பார்த்து எச்சில் விட்டுக்கிட்டு நிப்பியேன்னு, வயிறு நெறைய மென்னு திங்க ஏதாவது இருக்கட்டுமேன்னு அவிச்சேன். நார்ச்சத்து. தெரியுதா? நார்ச்சத்து!"

"விதா, சாமி நிக்கறார்..."

"நிக்கட்டும், அவரும் கேக்கட்டும். ஒரே ஒரு கேள்வி, சாமி முன்னாடி பதில் சொல்லு. செத்தவனுக்கு மலச்சிக்கல் வருமா?"

பிளகோயே பாதிரியாரைப் பார்த்தார்.

"சொல்லேன்! செத்துப்போனவன் எவனாச்சும் காலையில எழுந்து, 'எனக்கு ஒழுங்கா போகல, ரெண்டு ஸ்பூன் கோதுமை குடு'ன்னு கேட்டிருக்கானா? சாகப் போறவனுக்கு எவளாவது நார்ச்சத்து அளந்து போடுவாளா? நீ இன்னும் முப்பது வருஷம் ஒழுங்கா போய்ட்டு வரணும்னுதானே இந்தப் பாடு படறேன்!"

முதலில் பாதிரியாரின் தாடிதான் ஆடியது. அவர் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. கலசத்தின் சங்கிலி கலகலவென்று குலுங்கிற்று. அழுதுகொண்டிருந்த யகோதா மூக்கை உறிஞ்சியபடியே சிரித்துவிட்டாள். பிளகோயே பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடித்தார். அப்புறம் அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்தார், சிரித்தார், கண்ணில் நீர் வழிய, வலது விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

விதோசவா அவர் பக்கம் குனிந்தாள்.

"வலியா? பிளகோயே! வலிக்குதா?"

"இல்லடி... சிரிப்பு... ஒழுங்கா போய்ட்டு வரணுமாம்... சாமி, கேட்டீங்களா?"

விதோசவா அவருடைய கையைப் பிடித்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "உனக்கு மட்டுந்தான் பயம்னு நெனச்சியா? நீ தரையில புரண்டப்போ எனக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியுமா? நீ இல்லாத இந்த மேஜையை என்னால நெனச்சுப் பார்க்க முடியல."

பிளகோயேவின் சிரிப்பு அடங்கிற்று. முப்பத்தாறு வருஷத்தில் அவள் பயம் என்று ஒரு வார்த்தை சொல்லி அவர் கேட்டதில்லை. அப்புறம் அவளைத் திருப்பி நிறுத்தி, முதுகு ஜிப்பை மேலே ஏற்றிவிட்டார்.

"சாமி, கோதுமை இருக்கட்டும். ஆசீர்வாதம் பண்ணுங்க."

மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பாதிரியார் ரொட்டியின் அடிப்பக்கத்தில் சிலுவையாகக் கீறி, சிவப்பு ஒயினை ஊற்றினார். அதற்குள் வந்துசேர்ந்த ஓக்னெனோடு வீட்டார் நாலு பேரும் விரல் நுனியால் தாங்கி ரொட்டியைச் சுற்றினார்கள். ஸ்தானாவும் கையைக் கொடுத்தாள், உதட்டை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டாள். அப்புறம் இந்த வீட்டுச் சரித்திரத்தில் முதல் முறையாகக் கோதுமை மேலும் ஒயின் விழுந்தது.

முதல் ஸ்பூனை பிளகோயேதான் எடுத்தார். மென்றார். ரொம்ப நேரம் மென்றார். எல்லோரும் அவர் தாடையையே பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "தேன்தான் பத்தல."

ஒரு மணியிலிருந்து வீடு தாங்கவில்லை. மாடிப்படியில் ஓவர்கோட் மலை. நுழைகிற ஒவ்வொருவரும் வாசலில் எடுத்து வைத்திருந்த கோதுமைக் கிண்ணத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். "என்ன பிளகோயே, உங்க வீட்டுல கோதுமையா?" என்று கேட்டதுதான் தாமதம், அவர் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கதையைத் தொடங்கிவிடுவார். "என் பொண்டாட்டி சாமியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டா பாரு!" முதல் விருந்தாளிக்குச் சொன்ன கதையில் பாதிரியார் இருமினார். பத்தாவது ஆளுக்குச் சொன்னபோது நாற்காலியிலிருந்து விழுந்தார். இருபதாவது ஆளுக்குள் கலசத்தின் கனல் கார்ப்பெட்டில் கொட்டி, தீயணைக்க ஆள் வந்திருந்தது.

கதை கேட்ட ஒவ்வொருவரும் ஒரு ஸ்பூன் வாயில் போட்டார்கள். ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டு, மூன்றும் போட்டார்கள். "இதைத் தின்னா சாவே வராதாமே?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்துத் தெரு இறைச்சிக் கடைக்காரர் வரிசையில் இரண்டாம் தடவை வந்து நின்றார்.

மூன்று மணி வாக்கில் விதோசவா தட்டுகளோடு ஹால் கதவருகே வந்தவள், அப்படியே நின்றாள்.

ஜன்னலோரமாய் ஸ்தானா தம்பியை மடக்கியிருந்தாள். அவள் கையில் தட்டு. பொரித்த கெண்டை மீன் இரண்டு பெரிய துண்டு, பக்கத்தில் எண்ணெய் பளபளக்கும் பீன்ஸ்.

"சாப்பிடுடா. காலையிலேருந்து நிக்கற. முகம் வாடிப் போச்சு."

"வேண்டாம்க்கா."

"அட, நோன்புச் சாப்பாடுதானே? இறைச்சியா, வெண்ணெயா? உபவாசம் இருக்கறவங்க சாப்பிடற சாப்பாடு எப்படிடா கெடுதல் பண்ணும்? அவங்க உன்னைக் கோதுமையைப் போட்டுக் கொல்றாங்க."

இதுதான் விதோசவா பயந்த இடம். இந்த ஊரில் பாதிப் பேருக்கு இந்த நினைப்புதான். பன்றி இல்லாவிட்டால் கொழுப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டு நாலு விரல் எண்ணெயில் மீனைக் குளிப்பாட்டி எடுப்பார்கள். தட்டுகளைக் கீழே வைத்துவிட்டுப் பாயலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிளகோயே அந்த மீனைப் பார்த்தார். ஆசையோடுதான் பார்த்தார், எச்சிலை விழுங்கினார்.

"வேண்டாம்க்கா. திங்கக்கிழமை வரைக்கும் இந்த வயிறு டாக்டருக்குச் சொந்தம். அழுக்குப் பண்ணி ஒப்படைச்சா நல்லா இருக்காது."

திங்கட்கிழமை என்று அவர் தன் வாயால், யாரும் கேட்காமல் சொன்னது இதுதான் முதல் தடவை. விதோசவா சத்தம் காட்டாமல் பின்வாங்கிச் சமையலறைக்குப் போய், யகோதாவைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தாள். காரணம் புரியாமல் அந்தப் பெண் திருப்பி மூன்று கொடுத்தாள்.

தட்டோடு நின்ற ஸ்தானாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல மீனை வீணாக்குவார்களா? ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்து முள்ளைக்கூட விடாமல் முழுவதையும் அவளே தின்று தீர்த்தாள். பீன்ஸ் எண்ணெயையும் ரொட்டியால் துடைத்தாள்.

நாலு மணிக்கு ஓக்னென் எல்லோருடைய கிளாஸையும் நிரப்பினான். பிளகோயே தன் கிளாஸில் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு மேஜையின் தலைப்பக்கம் நின்றார். வீட்டுக்காரர் பேச வேண்டிய நேரம் அது.

"எல்லாரும் கேளுங்க. வழக்கமா இந்த நாள்ல மிக்கேல்கிட்ட நான் ஏதாவது கேப்பேன். மழை கேப்பேன், மவனுக்கு நல்ல பொண்ணு கேப்பேன். ரெண்டும் குடுத்துட்டார். இந்த வருஷம் அவருக்கு நான் ஒண்ணு குடுக்கப் போறேன்." விலாவைத் தட்டிக் காட்டினார். "திங்கக்கிழமை என் பித்தப்பையை அவர் எடுத்துக்கலாம், கல்லோட சேர்த்து. மிச்சம் இருக்கற ஆள் என் விதாவுக்கு."

மேஜையே எழுந்து நின்றது. யாரோ அக்கார்டியனை எடுத்தார்கள். இறைச்சிக் கடைக்காரர் பாடத் தொடங்கினார். விதோசவா அழுதாள், சிரித்தாள், ஏப்ரனால் முகத்தைத் துடைத்தாள். பிளகோயே அவளை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பெரிய கூட்டத்தில் அவளுக்கு வெட்கம்கூட வரவில்லை.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வாசல் கிண்ணம் காலியாகிவிட்டது. நல்லவேளையாக, சனி ஞாயிறுக்கென்று அவித்த இன்னொரு சட்டிக் கோதுமை மிச்சம் இருந்தது. அதை எடுக்க விதோசவா உக்கிராண அறைக் கதவைத் திறந்தாள்.

உருளைக்கிழங்கு மூட்டை மேல் ஸ்தானா உட்கார்ந்திருந்தாள். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. வலது விலா எலும்புக்குக் கீழே உள்ளங்கையை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"அண்ணி?"

"கத்தாத. கதவைச் சாத்து." ஸ்தானா மூச்சை இழுத்து விட்டாள். "அந்த ஓட்ஸ்... எத்தனை ஸ்பூன்ல ஆரம்பிச்சீங்க?"

விதோசவாவுக்குக் கோபமும் இரக்கமும் சேர்ந்து வந்தன. "எத்தனை நாளா இப்படி?"

"ஈஸ்டர்லேருந்து. வரும், போகும். தோள்பட்டை வரைக்கும் இழுக்கும். இன்னைக்கு வராதுன்னு நெனச்சேன். நோன்புச் சாப்பாடுதானே..."

"ஈஸ்டர்லேருந்தா! ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா என்ன ஆகும்? அவன் என்னைத்தான் முதல்ல பார்ப்பான். 'அக்கா போகட்டும், நான் அப்புறம் பார்த்துக்கறேன்'னு திங்கக்கிழமையை என் தலையில கட்டிட்டு ஓடிடுவான். என் தம்பியை எனக்குத் தெரியாதா?" நாள் முழுக்க மிரட்டிய அந்தக் கண்கள் முதல் தடவையாகக் கெஞ்சின. "விதா, மூணு நாள். அவன் போய்ப் படுக்கற வரைக்கும் வாயைத் திறக்காத. அப்புறம் நான் எங்க வேணாலும் வரேன், நீ என்ன குடுத்தாலும் திங்கறேன்."

விதோசவா சரி என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லலாமா? ஈஸ்டரிலிருந்து வலிக்கிறவளை இன்னும் மூன்று நாள் மூட்டை மேல் உட்கார வைப்பதா? உடனே யகோதாவைக் கூப்பிட வேண்டாமா?

கதவு தள்ளித் திறந்தது. காலிக் கிண்ணத்தோடு பிளகோயே நின்றார், வாயில் பாட்டு, முகமெல்லாம் சிரிப்பு.

"விதா, கோதுமை தீர்ந்து போச்சு! பாதிரியார் மறுபடியும் வந்திருக்கார், அவர் சம்சாரத்துக்கும் ஒரு கிண்ணம்..."

பாட்டு நின்றது. அக்காவின் கை இருந்த இடத்தை அவர் பார்த்தார். இரண்டு வருஷமாக அவர் பிடித்துக்கொண்டு திரிந்த இடம். அவருக்கா தெரியாது?

கிண்ணத்தை அலமாரியில் வைத்தார்.

"அக்கா, எந்தப் பக்கம் வலிக்குது?"

ஸ்தானா அவசர அவசரமாகக் கையை இடது பக்கத்துக்கு மாற்றினாள்.